எப்பிங் காட்டு ஓட்டப் பாதைகள்

ஓட்டப் பந்தயம் என்றதும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுவது சுண்ணாம்புக் கோடிட்ட பாடசாலை மைதானமும், அதனைச் சுற்றிப் பறக்கும் இல்லக் கொடிகளுமேயாம். கோடு இல்லை, கொடி இல்லை, கரவொலி செய்வார் எவருமில்லை. சேறும் வேரும் சருகுமே தரையாகக் கொண்டு மரங்களினூடே மைல்கணக்கில் ஓடும் ஓட்டமும் ஒன்றுண்டு. அதன் வரலாறு இங்கிலாந்திலே ஒரு பெரும் வேடிக்கையோடு தொடங்குகின்றது.

1876ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் முதலாவது தேசிய நாட்டுவெளி ஓட்டப் போட்டி இலண்டன் மாநகரின் வடகிழக்கே உள்ள எப்பிங் காட்டில் நடைபெற்றது. ஓடியவர்கள் 32 பேர். அந்த 32 பேருமே வழி தவறிப் போயினர்! ஒருவரேனும் சரியான பாதையில் வராமையாற் போட்டி செல்லாதென அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு போட்டியை ரோஹாம்ப்டன் என்னுமிடத்துக்கு மாற்றினர். அங்கே பேர்சி ஸ்டெனிங் என்பவர் வென்று, 1880 வரை தொடர்ந்து நான்கு முறை வாகை சூடினார்.

அந்நாளில் இவ்வோட்டத்துக்கு 'முயலும் வேட்டைநாய்களும்' என்று பெயர். முயலாக நடிப்போர் சிலர் கடதாசித் துண்டுகளைச் சிந்திக்கொண்டு முன்னே ஓடுவர். வேட்டைநாய்களாக நடிப்போர் அத்துண்டுகளைத் தேடிப் பின்னே விரைவர். ஷ்ரூஸ்பரிப் பாடசாலை மாணவரின் வேட்டை விளையாட்டே இதன் ஆதி வடிவங்களுள் ஒன்று எனக் கூறுவர். அடர்ந்த காட்டிலே பாதையை அடையாளங் காண்பது எத்துணைக் கடினமென்பதை அந்த 32 பேரும் நன்கு உணர்ந்திருப்பர்.

எப்பிங் காடு ஏறத்தாழ 6,000 ஏக்கர் பரப்புடையது. தெற்கே மனோர் பார்க் தொடங்கி வடக்கே எப்பிங் பட்டினத்துக்கு அப்பால்வரை 12 மைல் நீளத்துக்கு, ஒடுங்கிய நாடாவைப்போற் கிடக்கின்றது. மனோர் பார்க் என்ற பெயர் நம்மவருள் பலருக்குப் புதிதன்று. இலண்டன் ஸ்ரீ முருகன் ஆலயம் அமைந்திருப்பது அங்கேதான். ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் முதலிய அயற்பகுதிகளில் ஈழத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. அங்குள்ள உறவினர் அனுப்பும் படங்களில், இலையுதிர் காலத்துச் செம்பொன் நிற மரங்களைக் கண்டு வியந்தோர் நம்மிடையே இருத்தல் கூடும். அவற்றுட் சில இக்காட்டின் மரங்களாகவே இருக்கலாம்.

எங்கே தொடங்குவது?

காட்டோரத்துப் புறநகர்ப் பட்டினங்களுள் ஓட்டக்காரருக்கு மிகவும் வாய்ப்பானது லௌட்டன் என்பது எம் கருத்து. இலண்டனிலிருந்து வரும் நிலக்கீழ்ப் புகையிரதத்தின் மத்திய வழி 1948இல் இங்கு எட்டியது. நிலையத்தை விட்டு மேற்கே ஏறினால் ஸ்டேப்பிள்ஸ் வீதி வரும். அதன் ஒருபுறம் வீடுகளும் பாடசாலையும், மறுபுறம் காடு. நகரமும் வனமும் ஒரு வீதியின் அகலத்தால் மட்டுமே பிரிந்து நிற்கும் காட்சி இது.

அங்கிருந்து ஏர்ல்ஸ் பாதை வழியாக ஸ்ட்ரோபெரிக் குன்றையும் அதன் குளங்களையும் அடைந்து, வடக்கே திரும்பி லௌட்டன் கோட்டத்தை நோக்கி ஓடலாம். கோட்டம் என்றதும் மதிலையும் கொத்தளத்தையும் எதிர்பார்த்தல் வேண்டாம். இரும்புக் காலத்து மக்கள் எழுப்பிய மண் வரம்பே அது. இப்போது அதன்மீது பீச் மரங்கள் வளர்ந்து நிற்கின்றன. பின்னர்ப் பசும்பாதை எனப்படும் அகன்ற வழியிற் சேர்ந்து திரும்பி வந்தால், ஒரு காலைப்பொழுதுக்குப் போதுமான ஓட்டம் கிட்டும்.

நெடிய ஓட்டம் விரும்புவோர் தெற்கே சிங்ஃபோர்டிலிருந்து புறப்படுவர். எட்டாம் ஹென்றி மன்னனுக்காக 1543இற் கட்டப்பட்ட, வேட்டையைப் பார்த்து மகிழ்வதற்கான மரமாளிகை அங்கே இன்றும் நிற்கின்றது. அதனருகேயுள்ள வெளியைக் கடந்து, கொன்னோட் நீர்நிலையை அணுகிப் பசும்பாதையைப் பற்றினால் எப்பிங் வரை ஆறேழு மைல் தூரம். இப்பாதை 1882இல் விக்டோரியா மகாராணியாரின் வருகையையொட்டி வெட்டப்பட்டது. மகாராணியாரோ வண்டியில் ஹை பீச்சுக்குச் சென்று, காட்டை மக்களுக்கு உரித்தாக்கிவிட்டுத் திரும்பினார். அவருக்கென்று வெட்டிய பாதை இன்று காற்சட்டை அணிந்த ஓட்டக்காரருக்குப் பயன்படுகின்றது.

இவை போதாவெனின், மனோர் பார்க்கிலிருந்து எப்பிங் வரை 15 மைல் நீளும் நூற்றாண்டு நடைவழி உண்டு. 1978இல், காட்டுச் சட்டத்தின் நூறாவது ஆண்டு நினைவாக வகுக்கப்பட்டது அது.

தரையின் இயல்பை அறிந்தே பாதையைத் தெரிதல் வேண்டும். லீ, ரோடிங் என்னும் இரு ஆறுகளுக்கிடையேயுள்ள மேட்டுநிலத்தில் இக்காடு கிடக்கின்றது. மேட்டின் உச்சி பருக்கைக் கல் நிலம். மழை பெய்தாலும் விரைவில் வடிந்துவிடும். சரிவுகளும் பள்ளங்களும் களிமண். மார்கழி, தை மாதங்களிலே அக்களிமண் சப்பாத்தைக் கழற்றி வைத்துக்கொள்ளும் வலிமை வாய்ந்தது. அன்றியும் அக்காலத்தில் மாலையில் விரைவிலேயே சூரியன் மறைந்துவிடுகின்றான்.

விறகு வெட்டிகள் அளித்த கொடை

இப்பாதைகளில் இன்று எவரும் தடையின்றி ஓடலாம். இவ்வுரிமை தானாக வந்ததன்று. அதனை ஈட்டித் தருவதற்கு ஏழைகள் சிறை சென்றனர்.

லௌட்டன் மக்களுக்குக் குளிர்காலத்திற் காட்டு மரங்களின் மேற்கிளைகளை வெட்டி விறகாக்கும் உரிமை தொன்றுதொட்டு இருந்து வந்தது. நவம்பர் 11ஆம் நாள் நள்ளிரவில் முதற் கிளையை வெட்டித் தொடங்காவிடின் அவ்வுரிமை அற்றுப்போகும் என்பது ஊர் நம்பிக்கை. ஆதலால் ஆண்டுதோறும் அவ்விரவில் ஸ்டேப்பிள்ஸ் குன்றிற் கூடி வெட்டுவர். 1860களில், அவ்வூரின் நிலக்கிழாராகவும் மதகுருவாகவும் விளங்கிய ஜோன் விட்டேக்கர் மெயிட்லண்ட் ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டை வேலியிட்டு அடைக்க முற்பட்டார். தோமஸ் வில்லிங்கேல் என்னும் முதிய விறகு வெட்டி அதற்கு அடங்கவில்லை. 1866இல் அவர் குடும்பத்தைச் சேர்ந்த மூவர், வழக்கம்போலக் கிளை வெட்டியமைக்காகச் சிறையிடப்பட்டனர். கிழவர் வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியுமுன்னரே 1870இற் காலமானார்.

இங்கேதான் விந்தையொன்று நிகழ்ந்தது. இலண்டன் மாநகராட்சி தன் இடுகாட்டுக்கென மனோர் பார்க் அருகே நிலம் வாங்கியிருந்தது. அந்நிலத்துக்குக் காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் உடனிருந்தது. மேயும் மாட்டுக்கு வேலி ஏது? அதற்குக் காடு முழுவதும் திறந்திருத்தல் வேண்டுமன்றோ? அவ்வுரிமையைக் காட்டியே மாநகராட்சி 1871இல் நிலக்கிழார்கள்மீது வழக்குத் தொடுத்து 1874இல் வென்றது. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் நிறைவேறியது. காடு பொதுமக்களின் பொழுதுபோக்குக்குரிய திறந்த வெளியாகக் காக்கப்படலாயிற்று. இறந்தோருக்கென வாங்கிய நிலம், வாழ்வோருக்குக் காட்டை மீட்டுக் கொடுத்தது எனலாம். கிளை வெட்டும் உரிமை ஒழிக்கப்பட்டதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தைக்கொண்டு லௌட்டனில் 1884இல் ஒரு மண்டபம் கட்டினர். 'லொப்பிங் மண்டபம்' என அது இன்றும் வழங்குகின்றது.

காட்டிலே ஓடுவோர் அவ்வெட்டின் அடையாளத்தை எங்கும் காண்பர். நம் யாழ்ப்பாணத்து வேலிகளிற் குழைக்காக வெட்டப்பட்ட பூவரசு எப்படிப் பல தலை கொண்டு தளிர்க்குமோ, அப்படியே இங்குள்ள பீச், ஓக், ஹோர்ன்பீம் மரங்களும் ஆள் உயரத்துக்கு மேல் முண்டும் முடிச்சுமாகக் கிளைத்து நிற்கின்றன. அத்தகைய முதுமரங்கள் 50,000க்கு மேல் உள்ளன. வெட்டு நின்றபின் கிளைகள் பெருத்தன. பாரந்தாங்காது சில மரங்கள் பிளந்தன. நிழல் அடர்ந்து கீழ்ப்பயிர்கள் குன்றின. காடு காப்போர் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், தெரிந்தெடுத்த மரங்களை மீண்டும் தலை கொய்யத் தொடங்கினர். ஏழையின் கோடரி மரத்துக்குப் பகையன்று என்பது நூறாண்டு கழிந்த பின்னரே புலனாயிற்று.

மரத்துக்கு இன்று வரும் ஊறு காலடியால் வருகின்றது. பீச் மரத்தின் வேர்கள் மேலோட்டமானவை. பல்லாயிரம் கால்கள் மிதித்து இறுகிய மண்ணில் அவற்றுக்கு நீரும் காற்றும் எட்டுவதில்லை. சேற்றைக் கண்டு ஓரமாக ஒதுங்கி ஓடுபவர் அறியாமலே பாதையை அகலப்படுத்துகின்றார். அடுத்து வருபவர் இன்னும் சற்று ஒதுங்குகின்றார். சேற்றின் நடுவே ஓடுவதே முறை. சப்பாத்தைக் கழுவிக்கொள்ளலாம், முந்நூறு ஆண்டு மரத்தை முளைப்பிக்க முடியாது. மேலும், கழுத்திற் கருவி அணிந்த நீள்கொம்பு மாடுகள் சிலவிடங்களில் வேலியின்றி மேய்கின்றன. அவற்றைக் கண்டால் ஓட்டத்தை நடையாக்கிக் கடத்தல் நன்று. கோடையிற் புதர்களில் உண்ணி இருக்கும். வீடு திரும்பியதும் கால்களைச் சோதித்தல் வேண்டும்.

ஹை பீச்சில் ஓட்டக்காரர் இளைப்பாறித் தேநீர் அருந்துவது வழக்கம். அங்கிருந்த மனநோயாளர் இல்லமொன்றிலேதான் ஜோன் கிளேயர் என்னும் உழவர்குலக் கவிஞர் 1837 முதல் தங்கியிருந்தார். 1841இல் ஒருநாள் எவரிடமும் கூறாமற் புறப்பட்டு, கையிற் காசின்றி, வழியோரப் புல்லைத் தின்று, ஏறத்தாழ 80 மைல் நடந்து நான்கு நாளில் தம் ஊரை அடைந்தார். தொலைதூரம் ஓடுவோர் பெருமை பேசுமிடத்து அவரையும் எண்ணிப் பார்க்கலாம்.

ஹை பீச்சிலிருந்து வடக்கே பாதை எளிதாகின்றது. அம்பிரெஸ்பரி மண்வரம்பைத் தாண்டினாற் காடு ஒடுங்கிப் பெல் பொதுவெளி வரும். அங்கே ஒரு கிரிக்கெட் மைதானம்; அதன் அடியிலே, 1984இல் திறக்கப்பட்ட சுரங்கத்தினூடாக, இலண்டனைச் சுற்றும் பெருவீதி செல்கின்றது. மேலே ஓடுபவரின் காலடியில் மோட்டார் வண்டிகள் விரைந்துகொண்டிருக்கின்றன. அதற்கப்பால் எப்பிங் பட்டினத்தின் கடைத்தெருவும், மத்திய வழியின் கடைசிப் புகையிரத நிலையமும் உள்ளன. சேறு படிந்த கால்களோடு வண்டியேறுவோரை அங்குள்ளவர் வியந்து நோக்குவதில்லை.