ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? கண்ணாடிக் கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்!

டீ மாஸ்டர் நீட்டியது ஒரு கிளாஸ். சித்தப்பாவுக்குத் தெரிந்ததோ இரண்டு. எதைப் பிடிப்பது என்று புரியாமல் காற்றைப் பிடித்தவர், டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். வயது 61. 12 வருடங்களாகச் சர்க்கரைநோய். வீட்டில் சொன்னால் வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று மூன்று நாள் மூச்சுவிடவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டே டி.வி.எஸ் 50 ஓட்டியிருக்கிறார் மனிதர்! நடுவில் ஒரு கண்ணாடிக் கடைக்கும் போய், 'பவர் மாறிடுச்சு' என்று அவர்கள் சொன்னதை நம்பி, புதுக் கண்ணாடிக்கு அட்வான்ஸும் கொடுத்திருந்தார்.

நான்காம் நாள் சித்திதான் கண்டுபிடித்தார். "என்னங்க, வலது கண்ணு மூக்குப் பக்கமா ஒதுங்கிக் கெடக்கு?"

வாதம் வந்துவிட்டது என்று வீடே அழத் தயாரானபோது, கண் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி மிக எளிமையானது. "ஒரு கண்ணை மூடினா ரெட்டை போயிடுதா?" எந்தக் கண்ணை மூடினாலும் இரட்டைப் பார்வை மறைந்துவிட்டால், இரண்டு கண்களும் ஒரே திசையில் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரு கண்ணை மூடிய பிறகும் மற்றொன்றில் இரட்டையாகவே தெரிந்தால், கண்புரை, பவர் போன்ற கோளாறுகளைத் தேட வேண்டும். இந்தச் சோதனையை நீங்களே வீட்டில் அரை நிமிடத்தில் செய்துவிடலாம்.

ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் இருக்கின்றன. அவற்றை இயக்குபவை மூளையிலிருந்து வரும் மூன்று நரம்புகள். ஆறாவது நரம்புக்கு ஒரே வேலை, கண்ணைக் காதுப் பக்கம் திருப்புவது. அது படுத்துவிட்டால் கண் மூக்கை நோக்கி இழுபடும். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உருவங்கள் தெரியும். தூரத்தில் இருப்பவை இன்னும் மோசமாக இரட்டிக்கும். சித்தப்பாவுக்கு நடந்தது இதுதான்.

நான்காவது நரம்பு மெலிந்தது. மூளையின் பின்புறத்திலிருந்து சுற்றிக்கொண்டு வருவதால், தலையில் அடிபட்டால் எளிதில் காயப்படும். ஹெல்மெட் போடாமல் பைக்கிலிருந்து விழுந்தவர்களிடம் இதைப் பார்க்கலாம். உருவங்கள் மேலும் கீழுமாகத் தெரியும். படி இறங்குவதும் புத்தகம் படிப்பதும் பெரும்பாடாகிவிடும். சிலருக்கு இது பிறவியிலேயே இருக்கும். பழைய ஆல்பத்தைப் புரட்டினால் எல்லாப் போட்டோவிலும் தலையைச் சாய்த்தபடியே நிற்பார்கள். நாம் வெட்கம் என்று நினைத்திருப்போம்!

இமை மூடிக்கொண்டால் காத்திருக்காதீர்கள்

மூன்றில் அதிகம் பயப்பட வேண்டியது மூன்றாவது நரம்புக்குத்தான். நான்கு தசைகள், மேல் இமையைத் தூக்கும் தசை, கண்மணியைச் சுருக்கும் வேலை என்று எல்லாம் அதன் தலையில். அது செயலிழந்தால் இமை தொங்கிவிடும். இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகவும் சற்றுக் கீழாகவும் ஒதுங்கியிருக்கும்.

இங்கே கவனிக்க வேண்டியது கருவிழியின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டத்தை. கண்மணியைச் சுருக்கும் நார்கள் இந்த நரம்பின் மேல்பரப்பில் ஓடுகின்றன. சர்க்கரையால் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபடும்போது பெரும்பாலும் பாதிக்கப்படுவது நரம்பின் உள்பகுதி. அதனால் கண்மணி அநேகமாகத் தப்பித்துவிடும். ஆனால், மூளை ரத்தக்குழாயில் பலூன்போல வீக்கம் வந்து நரம்பை வெளியிலிருந்து அழுத்தினால், முதலில் நசுங்குவது அந்த மேல்பரப்பு நார்கள்தான். ஒரு கண்மணி மட்டும் விரிந்து, இமை தொங்கி, தலைவலியும் இருந்தால் நடு இரவானாலும் மூளை அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பலூன் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. கண்மணி இயல்பாக இருக்கிறதே என்று நீங்களாக முடிவெடுத்து வீட்டில் இருந்துவிடவும் கூடாது. அந்தத் தீர்ப்பை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

காரணங்கள் வேறும் உண்டு. மூளைக்குள் அழுத்தம் கூடினாலும் ஆறாவது நரம்பு பாதிக்கப்படும். அதோடு தலைவலியும் வாந்தியும் இருந்தால் தாமதிக்கக் கூடாது. காலையில் நன்றாக இருந்து மாலையில் இமை தொங்கினால், நரம்பைவிடத் தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியாவைச் சந்தேகிப்பார்கள். 2021-ல் கொரோனாவுக்குப் பிறகு வந்த கறுப்புப் பூஞ்சையில், சர்க்கரை எகிறியிருந்த பலருக்குக் கண் அசையாமல் போனதை மறந்திருக்க மாட்டோம். குழந்தைகளுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகுகூட ஆறாவது நரம்பு படுத்து, தானே எழுந்துவிடுவதுண்டு. ஆனாலும் மூளைக்கட்டி இல்லை என்று உறுதிசெய்துகொள்ளாமல் விடக் கூடாது. 'மாறுகண் அதிர்ஷ்டம்' என்று சொல்லி வைத்திருக்கும் பாட்டிகளிடம் கோபித்துப் பயனில்லை. பிள்ளையின் மூளை அந்தக் கண்ணை ஒதுக்கப் பழகிவிட்டால் பார்வையே குறைந்துவிடும் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எப்போது சரியாகும்?

சித்தப்பாவுக்கு எம்.ஆர்.ஐ எடுத்ததில் மூளையில் கோளாறு எதுவும் இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையோ 9.8. "இதுக்குத் தனி மாத்திரை கிடையாது. சர்க்கரையையும் பிரஷரையும் இறக்குங்க. மூணு மாசத்துல பெரும்பாலும் தானா சரியாகிடும்" என்றார் மருத்துவர். நம்பவே முடியவில்லை எங்களுக்கு. ஊசி போடாத டாக்டரும் ஒரு டாக்டரா என்று சித்தி முணுமுணுத்தார்.

அதுவரை சமாளிக்க, கண்ணாடியின் ஒரு பக்கத்தில் மங்கலான டேப் ஒட்டிவிட்டார்கள். சிலருக்கு கண்ணாடியில் ஒட்டும் பிரிசம் பலன் தரும். வண்டி ஓட்டத் தடை. பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய கண் பயிற்சி வீடியோக்களுக்கும் நன்றியோடு தடை. நரம்பு தன் வேகத்தில்தான் ஆறும், கண்ணை உருட்டி அதை விரட்ட முடியாது. மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் சர்க்கரை இன்னும் ஏறும்.

மூன்று மாதம் தாண்டியும் முன்னேற்றம் இல்லை, அல்லது இன்னொரு நரம்பும் சேர்ந்து படுக்கிறது என்றால் காரணத்தை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். விபத்திலும் கட்டியிலும் சேதமான நரம்புகள் மெதுவாகவே மீளும். சில முழுமையாக மீளாது. குறைந்தது ஆறு மாதம் பொறுத்து, கண்ணின் கோணம் மாறாமல் நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகுதான் தசைகளை இடம் மாற்றும் அறுவை சிகிச்சை. இடையில் போட்டாக்ஸ் ஊசியும் சிலருக்குப் போடுவார்கள்.

ஒன்பதாவது வாரம் டேப்பை எடுத்துவிட்டார் சித்தப்பா. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் மட்டும் பஸ் இரண்டாகத் தெரிந்தது. பன்னிரண்டாவது வாரத்தில் அதுவும் ஒன்றானது. சர்க்கரை 7.2. வண்டிச் சாவி இன்னும் சித்தியிடம்தான் இருக்கிறது.