வளர்ப்பு நாய் வீட்டை விட்டு ஓடுவது ஏன்?

நன்றிக்கு இலக்கணமாக நாம் போற்றும் நாய், சோறிட்ட வீட்டை விட்டு ஓடிவிடுவதும் உண்டு. அதனை நன்றி மறத்தல் என்று கொள்ளலாகாது. அச்சம், இணைவிழைச்சு, தனிமையால் வரும் சலிப்பு ஆகியவற்றுள் ஒன்றே பெரும்பாலும் காரணமாகும்.

நமக்குக் கேளாத மெல்லிய ஒலியும் நாய்க்குக் கேட்கும். ஆதலின் தில்லியிலோ மும்பையிலோ தீபாவளி வெடி முழங்குங்கால் அது கட்டறுத்து ஓடுவதில் வியப்பில்லை. அன்று பொழுது சாயுமுன்னரே அதனை உலாவச் செய்து, சன்னல் அடைத்த உள்ளறையில் துணையோடு இருத்தல் வேண்டும். ஆண் நாயின் அலைச்சலைக் கருத்தடை அறுவை பெரும்பாலும் குறைக்கும். நாள்தோறும் நடையும் விளையாட்டும் சலிப்பைப் போக்கும்.

ஊர் மாறி வாழும் நாம் இன்னொன்றையும் கருதவேண்டும். சென்னையில் வளர்ந்த நாய் கொல்கத்தாவின் தெருக்களை அறியாது. ‘வா’ என்றால் ஓடிவரும் அது, வங்காளியில் அழைத்தால் மருண்டு நிற்கும். ஆகவே முதற் சில வாரங்கள் வாரின்றி வெளியே விடலாகாது. கழுத்துப்பட்டையின் வில்லையில் நம் தொலைபேசி எண்ணையும், அவ்வூர் எழுத்தில் நம் பெயரையும் பொறித்தல் நன்று. கால்நடை மருத்துவர் தோலுக்கடியில் செலுத்தும் நெல்மணியளவான சில்லில் 15 இலக்க எண் இருக்கும். அவ்வெண்ணோடு நம் முகவரியைப் பதிந்து வைத்தாலே அது பயன்படும்.

திரும்பி வந்த நாயை அடித்தலாகாது. அடித்தால், வீடு திரும்புவதற்கே அது அஞ்சத் தொடங்கும்.