சாவியை எடுத்த பிறகு டேஷ்கேம்

நிறுத்திவைத்த காரில் டேஷ்கேம் பார்க்கும் வேலையும் ஓடும் காரில் பார்க்கும் வேலையும் ஒன்றல்ல. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். மோதல் பெரும்பாலும் முன்கண்ணாடிக்கு நேராக நடக்கும். என்ன நடந்தது என்று சொல்ல டிரைவரும் இருப்பார். சாவியை எடுத்ததும் இந்த மூன்றும் போய்விடுகின்றன. பேட்டரியில் இருப்பதுதான் மின்சாரம், இடி எந்தப் பக்கத்திலிருந்தும் வரலாம், பார்த்துச் சொல்ல ஆளும் கிடையாது. கேமராவின் மெனுவில் பார்க்கிங் மோட் என்று தனியாக ஒரு பகுதி இருப்பது இதனால்தான்.

பார்க்கிங் மோட் பதிவிலிருந்து கிடைக்கவேண்டியது இடித்த வண்டியின் நம்பர். இடித்தது யார் என்று தெரியாவிட்டால் செலவு முழுவதும் கார்க்காரர் தலையில் விழும். சொந்த பாலிசியில் கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடும். முதல் ஆண்டில் 20 சதவீதமாகத் தொடங்கி, ஐந்து ஆண்டு கிளைம் இல்லாமல் ஓட்டினால் 50 சதவீதம் வரை ஏறும் தள்ளுபடி அது. பம்பரில் விழுந்த ஒரு டொக்குக்காக அதை விட யாருக்கும் மனம் வராது. கைக்காசைப் போட்டு டிங்கரிங் பட்டறைக்குப் போவார்கள். நம்பர் கையில் இருந்தால், சேதத்தை எதிர்த் தரப்பின் மூன்றாம் நபர் காப்பீட்டில் கேட்கலாம். இந்தியாவில் இடித்தது காரோ லாரியோ என்றால், சொத்துச் சேதத்துக்கு அந்தக் காப்பீடு 7.5 லட்சம் ரூபாய் வரை பொறுப்பேற்கிறது. கீழே வரும் ஒவ்வொரு அமைப்பையும், நம்பர் தெரியுமா என்ற கேள்வியை வைத்தே எடைபோடவேண்டும்.

முதலில் வயர். இங்கே பெரும்பாலான கார்களில் சிகரெட் லைட்டர் சாக்கெட் சாவியோடு சேர்ந்து அணைந்துவிடும். அதில் செருகிய கேமராவில் பார்க்கிங் மோடை ஆன் செய்து வைத்தாலும் பயன் இல்லை. ஹார்டுவயர் கிட் என்று விற்கும் சிறிய பெட்டியை ஃபியூஸ் பாக்ஸில் இணைக்கவேண்டும். அதில் மூன்று வயர்கள் உண்டு: எப்போதும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு ஒன்று, சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு ஒன்று, வண்டியின் உலோகப் பகுதிக்கு எர்த்தாக ஒன்று. இரண்டாவது வயரை வைத்துத்தான் வண்டி நின்றுவிட்டதைக் கேமரா அறிகிறது. அவசரத்தில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் முதல் இரண்டையும் எப்போதும் மின்சாரம் வரும் ஒரே ஃபியூஸில் முடிந்துவிட்டால், கேமரா வண்டி ஓடுகிறது என்றே நினைத்து இரவெல்லாம் முழு வேகத்தில் பதிவு செய்யும். பழைய பேட்டரி என்றால் காலையில் வண்டி செல்ஃப் எடுக்காமல் போகலாம். ஏர்பேக் சம்பந்தப்பட்ட ஃபியூஸில் மட்டும் கை வைக்கக் கூடாது.

அடுத்தது பதிவு முறை. பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் வகைகள் நான்குதான். அதிர்வு பட்டால் விழித்துப் பதிவு செய்வது, எதிரே ஏதாவது அசைந்தால் பதிவு செய்வது, நொடிக்கு ஒன்றிரண்டு படங்கள் மட்டும் எடுக்கும் டைம்லாப்ஸ், தரத்தைக் குறைத்து விடாமல் பதிவு செய்வது.

அதிர்வு முறை மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதில் முதல். கேமரா தூங்கிக்கொண்டிருக்கும், அதிர்வு உணரி மட்டும் விழித்திருக்கும். சிக்கல், தூக்கம் கலையும் நேரத்தில்தான். தண்ணீர் லாரி ஒன்று குறுகலான தெருவில் பின்னோக்கி வந்து பம்பரில் உரசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிர்வு பட்ட பிறகு கேமரா விழித்து முதல் படத்தை எடுப்பதற்குள் ஓரிரு நொடிகள் போய்விடும், மலிவான கேமராவில் இன்னும் கூடுதலாக. லாரிக்காரர் இறங்கிப் பார்த்தால் முகமும் நம்பரும் பதிவாகும். பைக்காரர் கண்ணாடியைத் தட்டிவிட்டு நிற்காமல் போனால், பதிவில் இருப்பது வெறும் தெருவும் தூரத்தில் ஒரு சிவப்பு விளக்கும்தான். இதைத் தவிர்க்க வந்ததே முன்பதிவு வசதி. கேமரா முழுதும் விழித்திருந்து, கடைசிப் பத்து நொடி போன்ற ஒரு துண்டைத் தற்காலிக நினைவில் எழுதி அழித்துக்கொண்டே இருக்கும். அதிர்வு பட்டதும் அந்தத் துண்டையும் சேர்த்து மெமரி கார்டில் போடும். லாரி நெருங்கி வருவதே கிடைத்துவிடும். ஆனால் இதற்கு மின்சாரம், ஏறக்குறைய தொடர் பதிவுக்கு ஆகிற அளவே ஆகும். விளம்பரத்தில் ‘பார்க்கிங் மோட் உண்டு’ என்று மட்டும் போட்டிருந்தால், அது தூங்கி எழும் வகையா, முன்பதிவு வகையா என்று கேட்டு வாங்கவேண்டும்.

அசைவு முறை காகிதத்தில் அருமையானது. கேட் போட்ட அடுக்குமாடியின் அடித்தளத்தில் நள்ளிரவில் உண்மையிலேயே நன்றாக வேலை செய்யும். நம் ஊர்த் தெருவில் அப்படியில்லை. நாய் போகும், மாடு வந்து பானட்டில் முதுகு சொறியும், வேப்பமர நிழல் ஆடும், எதிரே வரும் ஒவ்வொரு ஹெட்லைட்டும் அசைவாகத் தெரியும். கடைசியில் அது தொடர் பதிவாகவே ஆகிவிடும், நூறு நூறு சின்னக் கோப்புகளாக. வண்டிக்குக் கவர் போடுபவர்களுக்கு இன்னொரு வேடிக்கை: காற்றில் கவர் படபடப்பதைக் கேமரா விடியும் வரை படம் பிடித்துக்கொண்டிருக்கும். கவர் போடுவது உறுதி என்றால் கேமராவை அணைத்துவிடலாம்.

டைம்லாப்ஸ் சிக்கனமானது. நொடிக்கு ஒரு படம் என்றால் 12 மணி நேர இரவு, நொடிக்கு 30 படங்களாக ஓட்டிப் பார்க்கும்போது 24 நிமிடத்தில் முடிந்துவிடும். எந்த நேரத்தில் எது நடந்தது என்று தேட இதைவிட வசதி இல்லை. ஆனால் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே இரண்டு சிறிய கார்களின் நீளம் காணாமல் போகிறது. நம்பர் பிளேட் அந்த இடைவெளியில் விழுந்துவிட்டால் அவ்வளவுதான். மெதுவாக முன்னும் பின்னும் எடுக்கும் கார்கள் உள்ள பார்க்கிங்குக்கு இது பொருந்தும், பைக்குகள் பாயும் தெருவுக்குப் பொருந்தாது.

நான்காவதான குறைந்த தரத் தொடர் பதிவு எதையும் தவறவிடாது. விரைவாக ஓடும் காட்சியில் மட்டும் படம் கட்டம் கட்டமாகச் சிதையும். எதையும் தவறவிடாமல் இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: டேஷ்கேமை ‘பிளாக்பாக்ஸ்’ என்று அழைக்கும் தென் கொரியாவில், நிறுத்திய வண்டியை இடித்துவிட்டுத் தகவல் தராமல் போவதை 2017 ஜூனிலிருந்து தண்டனைக்குரியதாக்கிவிட்டார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்தாலும் ஆளைப் பிடிக்கப் பதிவு வேண்டும்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் அதற்கு எல்லை போடுவது பேட்டரி. சிறிய பெட்ரோல் காரின் பேட்டரி பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்று வைத்தால் கேமராவுக்கு மிஞ்சுவது 17. முன்னும் பின்னும் கேமரா வைத்து விழித்திருக்கும் முறையில் ஓட்டினால் 0.4 ஆம்பியர் அளவில் இழுக்கும். வண்டியின் கடிகாரம், ரிமோட் லாக் எல்லாம் சேர்ந்து இன்னும் 0.03. கணக்குப் போட்டால் 40 மணி நேரம் வரும். இது புது பேட்டரிக்கு. மூன்று கோடை கண்ட பேட்டரியில் பாதிக் கொள்ளளவே மிஞ்சியிருந்தால் நேரமும் பாதிதான். தூங்கி எழும் அதிர்வு முறையில் கேமரா 10 மில்லி ஆம்பியர் இழுத்தால், அதே பேட்டரி இரண்டு வாரத்துக்கு மேல் தாங்கும்.

பலர் மறக்கும் பாதி, திரும்ப ஏற்றும் கணக்கு. இரவு 8 மணி முதல் காலை 8 வரை 0.4 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 5 ஆம்பியர் மணி போயிருக்கும். அதை அரை மணி நேர ஆபீஸ் ஓட்டத்தில் ஈடுகட்ட, பேட்டரிக்குள் 10 ஆம்பியர் வேகத்தில் ஏறிக்கொண்டே இருக்கவேண்டும். சிக்னலில் ஏசி ஓட நிற்கும் வண்டியில் அதை நம்ப முடியாது. தினமும் ஒரு துளி கடன் மிஞ்சும், ஒரு நாள் காலை அது வட்டியோடு வந்து நிற்கும்.

இங்கேதான் கட்-ஆஃப் வோல்டேஜ் வருகிறது. பேட்டரி குறிப்பிட்ட வோல்டுக்கு இறங்கியதும் ஹார்டுவயர் கிட் கேமராவை அணைத்துவிடும். முழு சார்ஜில் ஓய்ந்திருக்கும் ஈய அமில பேட்டரி 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு. 11.8-ல் ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஆனாலும் பல கிட்களில் 11.8-ம் ஒரு தேர்வாக இருக்கிறது. அந்த அளவு வரை இறங்கிய பேட்டரி மறுநாள் செல்ஃப் எடுத்தாலும், அடிக்கடி அப்படி வடிந்தால் அதன் ஆயுள் தேயும். தினமும் ஒரு மணி நேரமாவது ஓடும் வண்டிக்கு 12.2 போதும். சின்ன ஓட்டம், வாரக் கடைசியில் மட்டும் வெளியே வரும் வண்டி, பழைய பேட்டரி என்றால் 12.4. அதோடு டைமரும் இருந்தால் 12 மணி நேரத்தில் அணையும்படி வைப்பது நல்லது, ஏனென்றால் வோல்டேஜ் அளவு ஒன்றும் துல்லியமானதல்ல. ஓடி நின்ற உடனே அது கூடுதலாகக் காட்டும், வயர் நீளத்தில் கொஞ்சம் குறைத்தும் காட்டும். விமான நிலையத்தில் பத்து நாள் விட்டுப்போகும் வண்டியில் அதிர்வு முறை மட்டும், அல்லது ஒன்றுமே வேண்டாம்.

இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு, வண்டி ஓடும்போது தானே ஏறிக்கொள்ளும் தனி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் உண்டு. விலை கேமராவை மிஞ்சவும் கூடும். அதற்குப் பதிலாகச் செல்போன் பவர்பேங்கை டேஷ்போர்டில் வைப்பது மட்டும் கூடாது.

காரணம் வெயில். சித்திரை மதியம் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும், முன்கண்ணாடியை ஒட்டி இன்னும் மேலே. உள்ளே லித்தியம் பேட்டரி உள்ள மலிவுக் கேமராக்கள் இதில் உப்பிப்போகும். கடைசிக் கோப்பை மூடும் அளவு மின்சாரத்தை மட்டும் தேக்கும் சூப்பர் கெபாசிட்டர் வகை தாங்கும். அதுவும்கூட சூடு அளவு மீறினால் தானே அணைந்துவிடும். திறந்தவெளியில் பகலில் நிற்கும் வண்டிக்குத் தூங்கி எழும் முறையும், இரவில் தெருவில் நிற்கும்போது முன்பதிவு முறையும் என இரண்டாகப் பிரித்து வைப்பது கேமராவுக்கும் பேட்டரிக்கும் ஒருசேர உதவும்.

அதிர்வு உணரியின் உணர்திறனை ஓட்டத்துக்குத் தனியாகவும் பார்க்கிங்குக்குத் தனியாகவும் வைக்க முடிகிற கேமரா நல்லது. ஓடும்போது ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் விபத்தாகத் தோன்றக் கூடாது, ஆகவே குறைவு. நிற்கும்போது மெல்லிய உரசலும் தெரியவேண்டும், ஆகவே நடுத்தரம் அல்லது அதற்கு ஒரு படி மேல். உச்சத்தில் வைத்தால், பக்கத்தில் பஸ் போனாலே விழித்துக்கொள்ளும். இப்படி விழிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கோப்பு கார்டின் அழியாப் பகுதிக்குப் போகும். அந்தப் பகுதி நிரம்பினால் சில கேமராக்கள் புதியதை மறுக்கும், சில பழையதை அழிக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி: இரவில் நான்கு மூலையிலும் பம்பரை உள்ளங்கையால் ஓங்கித் தட்டி, காலையில் எத்தனை கோப்பு இருக்கிறது என்று எண்ணுவது.

மெமரி கார்டில் ஹை எண்ட்யூரன்ஸ் என்று போட்ட வகையே வேண்டும். நாளெல்லாம் எழுதி அழிப்பதற்குச் சாதாரணக் கார்டு தாங்காது. நொடிக்கு 15 மெகாபிட் வேகத்தில் 1080பி பதிவு மணிக்கு 6.75 ஜிபி எடுக்கும். 64 ஜிபி கார்டு ஒன்பது மணி நேரத்தில் நிறைந்துவிடும், அதாவது முன்னிரவில் நடந்ததை விடியலின் பதிவு அழித்திருக்கும். தொடர் பதிவு வேண்டுமென்றால் 128-க்குக் குறையக் கூடாது, அல்லது வேகத்தை 4 மெகாபிட்டுக்கு இறக்கவேண்டும். ஒரு கோப்பின் நீளம் ஒரு நிமிடம் போதும்.

இரவில் நம்பர் தெரிவது 4கே-யால் அல்ல. நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமரா ஒரு படத்துக்கு அதிகபட்சம் முப்பதில் ஒரு நொடி ஒளியை வாங்கலாம். அந்த நேரத்துக்குள் 20 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே போகும் பைக் 18 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். எழுத்துகள் ஏறக்குறைய ஒரு சாண் அகலத்துக்குக் குழையும். மெனுவில் எதை மாற்றினாலும் இதற்கு முழு மருந்து கிடையாது. தெருவிளக்கின் கீழ் நிறுத்துவது, கண்ணாடியைத் துடைப்பது, பகலில் பளபளப்பைக் குறைக்கப் போடும் போலரைசர் வட்டை இரவில் கழற்றுவது ஆகியவை கேமராவை மாற்றுவதைவிட அதிகம் பயன் தரும். வெளிச்சத்தையும் இருளையும் சமன்செய்யும் ஹெச்டிஆரை ஒரு இரவு போட்டும் ஒரு இரவு போடாமலும் பார்த்து முடிவு செய்யலாம். முன், பின் கேமராக்கள் பக்கவாட்டைப் பார்க்காது என்பதால், முடிந்தவரை ஒரு பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவதும் ஒரு ‘அமைப்பு’தான். ஒலிப்பதிவை பார்க்கிங்கில் அணைத்துவிடவேண்டும். அடுத்தவர் வாசலில் நின்று பேசுவதைச் சேர்த்துவைப்பது வம்பு.

தேதியும் நேரமும் சரியாக இருக்கவேண்டும். ஜிபிஎஸ் உள்ள கேமராவில் நேர மண்டலமாக 5:30 கூட்டல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 5 அல்லது 6 என்று வைத்தால் பதிவு அரை மணி நேரம் பிசகும், சிசிடிவியோடு பொருந்தாது. ஏதாவது நடந்துவிட்டால் முதலில் கேமராவை அணைத்து கார்டை வெளியே எடுக்கவேண்டும். வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது சுருங்கி, நம்பர் மங்கிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் வைக்க, கோப்பின் ஹாஷ் எண்ணோடு சான்றிதழ் வேண்டும். மூலக் கருவியையே உரியவர் சாட்சிக் கூண்டில் ஏறி நிரூபித்தால் சான்றிதழ் தேவையில்லை என்று, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவைப் பற்றிய அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருந்தது. ஆகவே அந்தக் கார்டை அழிக்காமல், தேதி எழுதிய கவரில் போட்டுத் தனியே எடுத்துவைத்துவிட்டு, கேமராவில் வேறு கார்டைப் போட்டுக்கொள்வது உத்தமம்.