வாண்டா ஜாக்ஸனின் இருவழிப் பாட்டு

ஊரை விட்டுப் புறப்படுவோர் தம்முடன் மூட்டை முடிச்சுகளை மட்டும் கொண்டு செல்வதில்லை; பாட்டையும் கொண்டு செல்கிறார்கள். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1930-களில் வறட்சியும் புழுதிப் புயலும் வாட்டியபோது, அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலிருந்து எண்ணற்ற குடும்பங்கள் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன. அவர்களுடைய நாட்டுப்புற இசையும் உடன் சென்றது.

அங்கெல்லாம் உழைப்பாளிகள் மாலையில் கூடும் மதுச்சாலைக்கு 'ஹாங்கி-டாங்க்' என்று பெயர். அதன் இரைச்சலை மீறிக் கேட்கும்படி, மின்சாரக் கிதாரும் அழுத்தமான தாளமும் சேர்ந்து எழுந்த பாட்டுக்கும் அப்பெயரே நிலைத்தது. பிரிவும் மனமுறிவும் அதன் பொருள். இவ்விசை, கறுப்பின மக்களின் 'ரிதம் அண்ட் ப்ளூஸ்' இசையுடன் கலந்து 1950-களின் நடுவில் துள்ளும் வேகம் பெற்றது. அதுவே 'ராக்கபில்லி'.

இவ்விரண்டையும் பாடிப் புகழ் பெற்றவர் வாண்டா ஜாக்ஸன். 1937-ல் ஓக்லஹோமாவில் மாட் என்னும் சிற்றூரில் பிறந்தார். பிழைப்புத் தேடிக் குடும்பத்தைக் கலிபோர்னியாவுக்கு அழைத்துச் சென்ற தந்தை, தாமே இசைக் கலைஞர். சிறுமியின் கையில் ஒரு கிதாரைக் கொடுத்துப் பழக்கினார். பின்னர் குடும்பம் ஓக்லஹோமா திரும்பியது. பள்ளி மாணவியாக உள்ளூர் வானொலியில் பாடிய அவர் குரலைக் கேட்ட ஹாங்க் தாம்ஸன் என்ற பாடகர், தம் குழுவுடன் பாட அழைத்தார். பெண்கள் பாடிய தட்டுகள் விலைபோகா என்று ஓர் இசைத்தட்டுக் கம்பெனி மறுத்தது. வேறொரு கம்பெனிக்காக 1954-ல் அவர் பாடிய ஜோடிப் பாட்டு வெற்றி பெற்றது. மறுத்த கம்பெனியே 1956-ல் அவரை ஏற்றுக்கொண்டது.

1955-ல் எல்விஸ் பிரெஸ்லியுடன் ஊர் ஊராகப் பாடச் சென்றபோது, புதிய வேகப் பாணியைப் பாடும்படி அவர் ஊக்கினார். மறு ஆண்டு வெளியான 'ஐ காட்டா நோ' என்ற பாட்டில் நிதானமான நாட்டுப்புற நடையும் ராக்கபில்லித் துள்ளலும் மாறி மாறி வருகின்றன. ஒரு பெண் இத்துணை முரட்டுக் குரலில் பாடுவதை அன்றைய அமெரிக்கா எளிதில் ஏற்கவில்லை. உள்நாட்டில் விலைபோகாத 'ஃபூஜியாமா மாமா' ஜப்பானில் பெரும் வெற்றி பெற்றது. 1960-ல்தான் 'லெட்ஸ் ஹேவ் எ பார்ட்டி' தாயகத்தில் அவருக்குப் பெயர் தந்தது. பின்னர் சோகப் பாடல்களும், 1970-களில் கிறிஸ்தவ பக்திப் பாடல்களும் பாடினார்.

ராக் இசையின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2009-ல். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்று. குடிபெயர்ந்த வீட்டில் ஒரு தந்தை குழந்தையின் மடியில் வைத்த கிதார், அவ்வளவு தூரம் வழி காட்டியது.