தேவையற்ற சிகிச்சை: பேராசை மட்டுமா காரணம்?

மருத்துவமனை சென்று திரும்புவோரிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு: "வேண்டாத சோதனைகளையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார், எல்லாம் பணத்திற்காகத்தான்." இக்குறையில் உண்மை இல்லாமலில்லை. செய்யும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே கட்டணம் பெறும் முறையில், செய்யாமல் விடுவதற்கு வருமானமில்லை. பரிசோதனைக் கூடங்கள் தரும் கமிஷனும் நாம் அறியாததன்று. ஆயின் பேராசை ஒன்றையே காரணமாகக் கொண்டால், நேர்மையான மருத்துவர்களும் ஏன் இவ்வாறு செய்கின்றனர் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

அதற்குப் பழைய ஆய்வொன்று விடை தருகிறது. டான்சில் எனப்படும் தொண்டைச் சதையை அகற்றுவது, 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மேலை நாட்டுச் சிறுவர்களுக்குப் பரவலாகச் செய்யப்பட்ட அறுவை. அமெரிக்கக் குழந்தைகள் நலச் சங்கம் 1934இல் வெளியிட்ட ஆய்வு, நியூயார்க் பள்ளிகளில் பயின்ற 11 வயதுச் சிறார் 1,000 பேரை எடுத்துக்கொண்டது. அவர்களுள் 611 பேருக்கு அச்சதை முன்பே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரைச் சோதித்த மருத்துவர்கள், 174 பேருக்கு அறுவை தேவை என்றனர். தேவையில்லை எனப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்கள் சோதித்தபோது, 99 பேருக்குத் தேவை என்றாயிற்று. மீந்த 116 பேர் மூன்றாம் முறை சோதிக்கப்பட்டனர். மேலும் 51 பேர் பட்டியலில் சேர்ந்தனர். முடிவில் தப்பியவர் 65 பேரே!

மும்முறையும் விகிதம் ஏறத்தாழ 45 விழுக்காடு என்பதே இங்கு நாம் கருதத்தக்கது. நலமுடையோர் என்று இருமுறை ஒதுக்கப்பட்டவர்களிடையேயும் அதே அளவு 'நோயாளிகள்' கண்டறியப்பட்டனர். பாதிக்குச் சற்றுக் குறைவானோருக்கு அறுவை தேவைப்படும் என்னும் பழக்கம் மருத்துவரின் கண்ணிலேயே படிந்திருந்தது போலும். இதனுடன் அச்சமும் சேர்கிறது. செய்யாமல் விட்டு நோய் முற்றினால் பழி உறுதி. வேண்டாததைச் செய்து குழந்தை நலமாக எழுந்தாலோ நன்றிதான் கிடைக்கும். எதுவும் எழுதித் தராத மருத்துவரைத் திறமையற்றவராகக் கருதும் நமக்கும் இதில் பங்குண்டு.

பழக்கம் ஊருக்கு ஊர் மாறுபடும் என்பதை ஜான் வென்பெர்க், ஆலன் கிட்டல்சன் ஆகியோர் 1973இல் காட்டினர். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 13 மருத்துவமனைப் பகுதிகளை அவர்கள் ஒப்பிட்டனர். 10,000 பேருக்கு 13 தொண்டைச் சதை அறுவைகள் ஓரிடத்தில், 151 மற்றோரிடத்தில். அடுத்தடுத்த ஊர்க் குழந்தைகளின் தொண்டைகள் இவ்வளவு வேறுபடுமா என்ன?

அடுத்து நிகழ்ந்ததே நமக்குப் பெரிதும் பயன்படுவது. இவ்வெண்கள் மருத்துவர் சங்கத்தின் வழியே அம்மருத்துவர்களிடமே அளிக்கப்பட்டன. தண்டனையோ புதுச் சட்டமோ இல்லை. மிகுதியாக அறுவை செய்த ஊரின் மருத்துவர்கள் தம் நோயாளிக் குறிப்புகளைத் தாமே மறுபடி ஆராய்ந்தனர். அறுவைகள் பெரிதும் குறைந்தன. 1977இல் அச்செய்தி ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. தாம் பிறரினும் மிகுதியாகச் செய்கிறோம் என்பதையே அவர்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

நம் மாநிலத்தில் இத்தகைய கணக்கு தேவைப்படுவது சிசேரியன் பிரசவங்களுக்கு. 2019–21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகப் பிரசவங்களுள் 44.9 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 63.8, அரசு மருத்துவமனைகளில் 36. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவில் பணத்தின் பங்கைக் காணலாம். ஆனால் அறுவைக்குத் தனிக் கட்டணம் பெறாத அரசு மருத்துவர்களின் 36 விழுக்காட்டைப் பேராசையால் விளக்க இயலாது. சிக்கலான பிரசவங்கள் அங்கு அனுப்பப்படுவது ஒரு காரணம்தான். எனினும் மக்கள்தொகை அளவில் சிசேரியன் 10 விழுக்காட்டைக் கடந்தபின் தாய், சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்ததையும் உடன்வைத்துப் பார்க்க வேண்டும்.

மாநிலச் சராசரியைப் படிக்கும் மருத்துவர் எவரும் அது தம்மைக் குறிப்பதாக எண்ணமாட்டார். ஒத்த நிலையிலுள்ள தாய்மார்களுள் எத்தனை பேருக்குத் தாம் அறுவை செய்தோம், பக்கத்து மருத்துவமனையில் எத்தனை பேருக்குச் செய்தனர் என்னும் பட்டியல் அவர் மேசைக்கு வரவேண்டும். வெர்மான்ட் மருத்துவர்களின் கைக்குக் கிடைத்தது அத்தகையதொரு பட்டியலே.