வீடு திரும்பிய பின்: குடிநோய் சிகிச்சையில் கைப்பேசி வழிக் கண்காணிப்பு

குடிநோய்க்கோ பிற போதைப் பழக்கத்திற்கோ உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் வீடு திரும்புவதோடு சிகிச்சை முடிந்துவிடுவதில்லை. மருத்துவமனைக்குள் இருக்கும்வரை மது கண்ணில் படாது. பழைய நண்பர்களின் அழைப்பும் வராது. வெளியே வந்ததும் சம்பள நாள், வீட்டுச் சண்டை, வழக்கமாகக் கடந்து செல்லும் மதுக்கடை என எல்லாம் மீண்டும் எதிர்ப்படுகின்றன. மறுபடியும் குடிக்கத் தொடங்குவோரில் பலர் முதல் சில மாதங்களுக்குள்ளேயே சறுக்குகின்றனர். அம்மாதங்களில் அவர்கள் மருத்துவரைச் சந்திப்பதோ எப்போதாவது ஒருமுறைதான். இந்த இடைவெளியை நிரப்பவே கைப்பேசி பயன்படுத்தப்படுகிறது. இது குறித்து நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவற்றை இங்கே விளக்குகிறோம்.

எவ்வாறு செயல்படுகிறது?

நாள்தோறும் அல்லது வாரந்தோறும் சில சிறு வினாக்கள் கைப்பேசிக்கு வரும். நேற்றிரவு உறங்கினீர்களா? மனநிலை எப்படி? குடிக்கும் ஏக்கம் 0 முதல் 10 வரை எவ்வளவு? மாத்திரை சாப்பிட்டீர்களா? விடைகள் சிகிச்சைக் குழுவைச் சென்றடையும். சில செயலிகளில் ஏக்கம் மிகும்போது அழுத்துவதற்கான உதவிப் பொத்தானும் உண்டு.

இதன் பயன் எளியது. ஒரு மாதம் கழித்து வரும்போது "எப்படி இருக்கிறீர்கள்?" என்றால், "பரவாயில்லை" என்பதே பெரும்பாலும் விடை. மூன்று இரவு உறங்காததும், காரணமின்றி எரிந்து விழுந்ததும், ஆலோசனைக் கூட்டத்தைத் தவிர்த்ததும் நினைவில் நிற்பதில்லை. ஆனால், குடிப்பதற்கு முன் தோன்றும் அறிகுறிகள் பெரும்பாலும் இவையே. அவை அன்றன்றே தெரிந்தால் சந்திப்பை முன்னதாக வைக்கலாம்; மருந்தையும் மாற்றியமைக்கலாம்.

ஆய்வு சொல்வது என்ன?

அமெரிக்காவின் விஸ்கான்சின்-மாடிசன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கஸ்டாஃப்சன் தலைமையிலான குழுவினர் 'ஏ-செஸ்' என்னும் செயலியை உருவாக்கினர். நோயாளி முன்பு அடிக்கடி சென்ற மதுக்கூடத்தை நெருங்கினால் எச்சரிக்கும் வசதி அதில் இருந்தது. உள்நோயாளிச் சிகிச்சை முடித்த 349 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2014இல் வெளியாயின. ஒரு பிரிவினர் வழக்கமான சிகிச்சையுடன் 8 மாதங்கள் செயலியையும் பயன்படுத்தினர்; மற்றவர்கள் வழக்கமான சிகிச்சையை மட்டும் பெற்றனர். 30 நாட்களில் அளவு மீறிக் குடித்த நாட்கள், செயலி பெற்றோரிடம் சராசரியாக 1.39, மற்றவரிடம் 2.75. ஓராண்டின் முடிவில், தொடர்ந்து மது அருந்தவில்லை என்று தெரிவித்தோர் முறையே ஏறத்தாழ 52 விழுக்காட்டினரும் 40 விழுக்காட்டினரும் ஆவர்.

இப்பயன் உண்மையானது, அதன் எல்லையும் தெளிவானது. செயலி பெற்றவர்களிலும் பாதிப் பேருக்குச் சற்றுக் குறைவானோர் ஓராண்டு முழுவதும் மதுவைத் தவிர்க்க இயலவில்லை. ஆகவே மருந்துக்கோ மனநல ஆலோசனைக்கோ கைப்பேசி மாற்றாகாது.

விவரங்களை யார் பார்ப்பர்?

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநலக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொண்டுள்ளது. தம் நோய், சிகிச்சை பற்றிய விவரங்கள் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு நோயாளிக்கு வழங்கும் உரிமை. எனவே ஒப்புதல் அளிக்கும் முன் கேளுங்கள்: எவ்விவரங்கள் சேகரிக்கப்படும்? யார் பார்ப்பர்? எவ்வளவு காலம் வைத்திருப்பர்? இருப்பிடம் அறியும் வசதியை மட்டும் நிறுத்திவைக்க முடியுமா? கைப்பேசியை வீட்டில் பலர் பயன்படுத்தினால் அதையும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

குடும்பத்தினருக்கு

"அவருக்குத் தெரியாமல் அவர் போனில் ஏதாவது போட்டுக் கண்காணிக்கலாமா?" என்ற வினாவின் பின்னுள்ள அச்சத்தை நாங்கள் அறிவோம். வேண்டாம் என்பதே எங்கள் விடை. டைசல்ஃபிராம் மாத்திரையை உணவில் மறைத்துக் கொடுக்கக் கூடாது என்று வலியுறுத்துவதும் இதே நோக்கில்தான். அறியாமல் அவர் குடித்தால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். மறைவான கண்காணிப்பு வெளிப்பட்டால், கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வார். அதைவிடப் பெரிய இழப்பு, அதன்பின் அவர் உண்மையைச் சொல்ல மாட்டார் என்பது. அவர் முன்னிலையிலேயே பேசி, எதை நீங்கள் அறியலாம் என்று மூவரும் சேர்ந்து முடிவு செய்வோம்.

குடித்துவிட்டதாக அவரே பதிவு செய்தால், அதைச் சண்டையில் சாட்சியாக எடுத்துக் காட்டாதீர்கள். உண்மை சொன்னதற்குத் தண்டனை கிடைத்தால் அடுத்த முறை பொய்யே பதிவாகும். போதையில் இருக்கும்போது வாதிடாமல், தெளிந்த பின் பேசி, எங்களிடம் அழைத்து வாருங்கள்.

செய்திக்காகக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

செயலியில் பதியும் விடையை அந்த நொடியே ஒருவர் படிப்பார் என்று எண்ண வேண்டாம். குடியை நிறுத்திய சில நாட்களுக்குள் வலிப்பு, மனக்குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிதல் ஆகியவை ஏற்பட்டால் உடனே 108ஐ அழையுங்கள். ஹெராயின் போன்றவற்றை நிறுத்தியிருந்தவர் பழைய அளவை மீண்டும் எடுத்தால் மூச்சே நின்றுபோகலாம், அப்போதும் தாமதிக்கலாகாது. தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால் அவரைத் தனியே விடாதீர்கள். எந்நேரமும் இலவசமாகப் பேச டெலி-மானஸ் எண் 14416. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446.

ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. குறித்த நாளில், குறித்த நேரத்தில் சாதாரண அழைப்பில் பேசுவதும் கண்காணிப்பே. அடுத்த முறை வரும்போது, எந்த எண்ணில், எந்த நேரத்தில் உங்களோடு பேசலாம் என்பதைத் தெரிவியுங்கள்.