பூம்பாத்தியின் ஓரக்கட்டு

பனியன் தொழிலில் ஈட்டிய பொருளால் வீடு கட்டும் நம் குடும்பங்கள் பல, வாசலில் பூம்பாத்தி அமைத்து, அதைச் சுற்றிச் சிமெண்டு ஓரக்கட்டும் எழுப்புகின்றன. பல்லடம் பக்கத்துக் கரிசல் மண்ணில் அது சில ஆண்டுகளிலேயே பிளந்துவிடுவதுண்டு. சிமெண்டு போதவில்லை என்பது கொத்தனார் கூறும் வழக்கமான விடை. குறை சிமெண்டில் அன்று, மண்ணில் உள்ளது.

குளிர்நாடுகளில் இதனை நன்கு காணலாம். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு 9 பங்கு பருக்கிறது. நுண்மண் கீழிருந்து நீரை உறிஞ்ச, அது பனித்தகடுகளாகி நிலத்தையே தூக்கிவிடுகிறது. தமிழர் பலர் குடியேறியுள்ள டொராண்டோவில் வீட்டுக் கடைக்கால் 1.2 மீட்டர் ஆழம் செல்லவேண்டும். பூம்பாத்திக்கு அவ்வளவு தோண்டுவார் எவர்? ஆகவே மேல்மண்ணை நீக்கி, ஜல்லி பரப்பி இடித்து, அதன்மேல் கான்கிரீட்டு வார்த்து, மூன்று நான்கு அடிக்கு ஒரு வெட்டுக்கோடு இடுகின்றனர். ஜல்லியில் நீர் தங்காது; மேலேறவும் செய்யாது. பிளவு வந்தாலும் கோட்டிலேயே வரும். (உதகையின் உறைபனியோ புல்லைக் கருக்குவதோடு சரி, மண்ணை அவ்வளவு ஆழம் உறைவிப்பதில்லை.)

இங்கே பனியின் வேலையைக் கரிசலே செய்கிறது: மழையில் உப்பி, கோடையில் சுருங்குகிறது. ஆனால் கரிசல் குழியில் வெறும் ஜல்லியை நிரப்பினால், அது தொட்டிபோல் மழைநீரைத் தேக்கும். செம்மண் கிராவலை நனைத்து இடிப்பதே நன்று. பாத்தி நீர் வெளியேற வழியும் வேண்டும். வெட்டுக்கோடு கனத்தில் கால் பங்கு ஆழமாவது இறங்கவேண்டும். அழகு கெடும் என்று கொத்தனார் தயங்கினால், கலவை இறுகுமுன் கரண்டியால் நீங்களே இழுத்துவிடலாம்.